விருத்தாசலத்துப் பீங்கான்: கப்பலில் வந்தது, கொட்டகையில் வெந்தது

பழைய வீடுகளில் மின்சார மீட்டருக்குக் கீழே, மரப்பலகையில், இரண்டு மூன்று வெள்ளை ஃப்யூஸ் கட்டைகள் வரிசையாக நிற்கும். இடி இடித்து வீடு இருண்ட இரவில் துணிச்சல்காரர் ஒருவர் ஸ்டூலில் ஏறுவார். கட்டையைப் பிடுங்கிக் கருகிய கம்பியை எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றித் திரும்பச் செருகுவார். அவர் கையில் மின்சாரம் ஏறாமல் பார்த்துக்கொண்டது அந்த வெள்ளைப் பொருள், பீங்கான். விருத்தாசலத்துக் கொட்டகைகளில் அழுத்திச் சுட்ட கட்டைகள் இப்படி எத்தனையோ வீடுகளின் சுவரில் ஏறியிருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்டதில்லை. சாமி அறையில் எரியும் பளபளப்பான கார்த்திகை விளக்கும், கொலுப்படியில் நிற்கும் செட்டியார் பொம்மையும், டீக்கடைக் கோப்பையும் அதே ஊரிலிருந்து வந்திருக்கலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் முதலில் ஒரு ரயில் சந்திப்பு. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நான்கு பக்கமும் தண்டவாளம் பிரியும் இடம். பக்தர்களுக்கு அது பழமலைநாதர் கோயில். தேவாரம் பாடிய காலத்தில் திருமுதுகுன்றம் என்று பெயர். செங்கல்லாக இருந்த கோயிலைக் கல்லாக எடுத்தவர் செம்பியன் மாதேவி. சுந்தரர் பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது தலத்தின் கதை. பக்கத்து மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் தீராத வழக்கைத் தாளில் எழுதி அவர் சன்னதியில் ‘பிராது’ கட்டுவது இன்றும் நடக்கிறது. விவசாயிகளுக்கோ விருத்தாசலம் என்றால் வேளாண் ஆராய்ச்சி நிலையம், வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் நிலக்கடலை, முந்திரி ரகங்கள் அங்கிருந்து வந்தவை. இத்தனை அடையாளங்களுக்கு நடுவே பீங்கான் கொஞ்சம் பின்னால் நிற்கிறது. ஊரின் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால்தான் அது முன்னால் வரும்.

ஆனால் இந்த வட்டாரத்துக்கும் பீங்கானுக்கும் உள்ள உறவு தொழிற்பேட்டையில் தொடங்கவில்லை. விருத்தாசலத்திலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தெற்கே கங்கைகொண்டசோழபுரம் இருக்கிறது. அங்கே மாளிகைமேட்டில் தொல்லியல் துறை தோண்டியபோது அரண்மனைச் சுவர்களோடு சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்தின் சுங் அரசவைக்குச் சென்றதைச் சீன ஆவணங்கள் பதிந்துவைத்திருக்கின்றன. அரச பரிசுகளுக்குப் பின்னால் வணிகரின் மூட்டைகளும் போய் வந்திருக்கும். ராமநாதபுரம் கடற்கரைப் பெரியபட்டினத்தில் ஜப்பானிய அறிஞர் நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் 1980களில் நடத்திய ஆய்வில் பச்சை மெருகிட்ட செலடன், நீல–வெள்ளை எனச் சீனச் சில்லுகள் குவியலாக வெளிப்பட்டன. மறுகரையிலும் தடயம் உண்டு: சீனத் துறைமுகமான சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே ஒரு சிவன் கோயில் எழுந்ததைச் சொல்கிறது.

சோழமண்டலக் கரைக்குப் பீங்கான் அப்போது வந்து இறங்கும் சரக்கு. செய்யும் வித்தை சீனத்திலேயே இருந்தது. ஐரோப்பியர் வந்த பிறகும் நெடுநாள் அப்படித்தான். போர்ச்சுகீசியர் 1557வாக்கில் மக்காவில் குடியேறினார்கள். 1757 முதல் 1842 வரை மேலைநாட்டுக் கப்பல்களுக்குச் சீனம் திறந்துவிட்ட ஒரே வாசல் கான்டன், இன்றைய குவாங்சௌ. வணிகப் பருவம் முடிந்ததும் வெள்ளைக்கார வியாபாரிகள் கான்டனைவிட்டு மக்காவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது சீன அரசின் கட்டளை. கப்பலின் அடித்தட்டில் பீங்கானை அடுக்கி, அதன்மேல் தேயிலைப் பெட்டிகளை ஏற்றுவார்கள். பீங்கான் நனைந்தால் கெடாது, கப்பலுக்குப் பாரமும் ஆகும். டேனியர் 1620 முதல் 1845 வரை வைத்திருந்த தரங்கம்பாடிக் கடற்கரையில் அலை ஒதுக்கும் நீல–வெள்ளைச் சில்லுகள் அந்தப் போக்குவரத்தின் மிச்சம்.

விருத்தாசலத்தை நனைத்து ஓடும் மணிமுத்தாறு, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. போர்ட்டோ நோவோ என்று போர்ச்சுகீசியர் பெயர் வைத்த அதே துறைமுகம்தான். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பலரும் கடைவிரித்த இடம். உள்நாட்டில் இருந்தாலும் விருத்தாசலம் அந்தக் காலனியச் சண்டைகளுக்குத் தப்பவில்லை. 1751இல் திருச்சிக்குப் படையுதவி அனுப்பிய ஆங்கிலேயரில் ஜார்ஜ் பிகட்டும் இளம் ராபர்ட் கிளைவும் விருத்தாசலம் வரை வந்தார்கள். திரும்பும் வழியில் பாளையக்காரரின் ஆட்கள் தாக்க, குதிரையை விரட்டித் தப்பினார்கள். கோட்டை போலச் சுற்றுமதில் எழுந்த கோயில் அன்றைய படைகளுக்கு வசதியான தங்குமிடம். அந்த ஊரில் அன்று சட்டியும் பானையும் வனைந்த குயவர்கள் இருந்தார்கள். பீங்கான் செய்யவல்லவர் எவரும் இல்லை.

காலுக்குக் கீழே வெள்ளை மண் மட்டும் இருந்தது. கடலூர் மாவட்டத்தின் மேட்டுநிலம் முழுக்க நிலவியலாளர் ‘கடலூர் மணற்கல்’ என்று அழைக்கும் படிவுகள். திருவக்கரையின் கல்மரங்கள் இந்தப் படிவைச் சேர்ந்தவைதான். மணற்கல்லுக்கு இடையிடையே வெண்களிமண் அடுக்குகள் ஓடுகின்றன. அந்தக் களிமண்ணுக்கு விலை வந்ததற்குக் காரணம் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக் கழகம் 1956இல் அமைந்தது. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி தட்டுப்பட்டது. கரியை எடுக்க அதன்மேல் கிடக்கும் மண்ணை மலையாக அள்ளிக் கொட்டியாக வேண்டும். அந்த மேல்மண்ணில்தான் பீங்கானுக்கு ஏற்ற களிமண்ணும் இருந்தது. கழகம் அதைக் கழுவிச் சுத்திகரிக்க ஆலை வைத்தது. வடலூரில் நெய்வேலி செராமிக்ஸ் ஆலை எழுந்தது. அந்த ஆலையின் ‘நைசர்’ என்ற பெயர் ஒரு தலைமுறைத் தமிழர்களின் கழிப்பறைகளில் தினமும் கண்ணில் பட்டது. அங்கிருந்து சற்றுத் தள்ளி விருத்தாசலத்தில் அரசு வேறு வழியைப் பிடித்தது. ஒரே பெரிய ஆலைக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கொட்டகைகள், பலர் சேர்ந்து பயன்படுத்தும் வசதிகள், பக்கத்தில் ஒரு பயிற்சி நிறுவனம். 1958இல் கிண்டியில் தொழிற்பேட்டை திறந்த காலத்துச் சிந்தனை இது: முதலில்லாதவருக்கு இடமும் எந்திரமும் அரசு தரும், உழைப்பை அவர் போடட்டும்.

ஆகவே விருத்தாசலம் பரம்பரைக் கைவினை ஊர் இல்லை. நூறு தலைமுறையாகச் சக்கரம் சுழற்றிய வேளார்கள் மெல்லமெல்லப் பீங்கானுக்கு மாறியதாகக் கதை கட்டினால் கேட்க அழகாக இருக்கும். நடந்தது அதுவல்ல. களிமண்ணும் ரயிலும் ஓர் அரசுக் கோப்பும் ஒரே இடத்தில் சந்தித்ததால் உருவான தொழில் இது. அதில் வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமத்து விவசாயக் கூலிக் குடும்பங்கள். கடலை பிடுங்கவும் முந்திரிக்கொட்டை உடைக்கவும் போன கைகள்தான் பொம்மை அச்சைப் பிடித்தன.

கொட்டகைக்குள் நடப்பது பாதி சமையல், பாதி வேதியியல். களிமண் மட்டும் போதாது. உருவம் குலையாமல் நிற்க வெண்கல் எனப்படும் குவார்ட்ஸ் வேண்டும். சூட்டில் உருகி எல்லாவற்றையும் ஒட்டவைக்க ஃபெல்ட்ஸ்பார் வேண்டும். சேலம், நாமக்கல், கரூர்ப் பக்கத்துப் பாறைகளில் இவை கிடைக்கின்றன. பால்மில் எனப்படும் உருளைக்குள் கூழாங்கற்களோடு இந்தக் கற்களைப் போட்டு மணிக்கணக்கில் உருட்டினால் மாவாகிவிடும். அதைக் களிமண்ணோடும் தண்ணீரோடும் சேர்த்தால் பாலாடைப் பதத்தில் ஒரு கூழ். அதில் கொஞ்சம் சோடியம் சிலிக்கேட் விழுந்ததும், கூடுதல் தண்ணீர் இல்லாமலே கூழ் இளகி ஓடத் தொடங்கும். அளவு ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் வார்ப்பு கெடும். இந்த அளவைத் தராசை நம்பாமல், வழியும் கூழைப் பார்த்தே சொல்லிவிடும் ஆட்கள் கொட்டகைகளில் உண்டு.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் கூழை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, சுவரோரம் களிமண் தோலாகப் படிகிறது. போதிய கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு, அச்சைத் திறந்தால் உள்ளே குழிவான பிள்ளையார். இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் தழும்பு போல ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைப்பது பெண்களின் வேலை. ஊர்ப் பீங்கானில் மிக அதிகமான மனித நேரம் போவது இங்கேதான். ஃப்யூஸ் கட்டைக்கு வேறு முறை. ஈரம் குறைந்த மாவை இரும்பு அச்சில் நிரப்பிக் கைப்பிடி அழுத்தியால் நெருக்குகிறார்கள். உருப்படி உருப்படியாகக் கணக்கு, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி.

உலர்த்துவது பொறுமையை வாங்கும் கட்டம். சுட்டு முடிக்கும்போது பொருள் தன் அளவில் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். ஒரு பக்கம் முந்திச் சுருங்கினால் வெடிப்பு. சித்திரை வெயிலில் வேகமாகக் காய்வது ஆபத்து. ஐப்பசி மழையில் காயாமலே கிடப்பது நஷ்டம். பிறகு சூளை. முதல் சூட்டில் ஏறத்தாழ 900 டிகிரியில் பொருள் கெட்டியாகும். மெருகுக் கலவையில் முக்கி எடுத்து மறுபடி 1,200 டிகிரியைத் தாண்டிச் சுடும்போது மேலே கண்ணாடித் தோல் பிடிக்கும். கரியால் எரிந்த பழைய வட்டச் சூளைகளில் புகை பொருளைக் கறுக்கடிக்காமலிருக்க, தீக்களிமண் பெட்டிகளுக்குள் அடைத்து அடுக்க வேண்டியிருந்தது. எண்ணெயிலும் எரிவாயுவிலும் எரியும் சூளைகளில் அந்தத் தொல்லை குறைவு, செலவு கூடுதல். சுட்ட பொம்மைக்கு வண்ணம் பூசுவதோடு கதை முடிகிறது. கொலுப் பொம்மைகள் பெரும்பாலும் ஒரே சூட்டோடு நின்று, மேலே பெயின்ட் ஏறிக் கடைக்குப் போகின்றன. அதனால்தான் அவை விளக்கைவிட மலிவாகவும் நிறத்தில் பகட்டாகவும் இருக்கின்றன. இந்த வேலைக்கு விலை ஒன்று உண்டு, அது பட்டியலில் வராது. குவார்ட்ஸ் தூசு நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். உலகெங்கும் பீங்கான் ஊர்கள் இந்த நோயை அறிந்தவை. முகத்தில் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொள்வது அதற்குக் காப்பு ஆகாது.

இந்த ஊரின் ஆண்டுக் கணக்கு பண்டிகையை வைத்து ஓடுகிறது. தை பிறந்து மாசிமகத் தேர் முடிந்ததும் கொலுப் பொம்மைக்கு அச்சுகள் தயாராகும். ஆடி, ஆவணியில் பெட்டி கட்டி லாரி ஏறும். புரட்டாசி நவராத்திரி வருவதற்குள் கொட்டகைகள் அகல் விளக்குக்கு மாறிவிட்டிருக்கும். கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்கள்தாம் உச்சம். மண் அகலில் எண்ணெய் கசிந்து தரையில் வட்டம் போடும். மெருகிட்ட பீங்கான் அகல் கசியாது, கழுவி அடுத்த ஆண்டுக்கும் எடுத்துவைக்கலாம். நகரத்து அடுக்குமாடிப் பால்கனிகளுக்கு அது பிடித்துப்போனது. மயில் விளக்கு, யானை விளக்கு, அடுக்கு விளக்கு என்று ஆண்டுதோறும் புதுத் தோற்றம் கேட்கிறார்கள் மொத்த வியாபாரிகள். சிக்கல் என்னவென்றால் விளக்குக்குத் தேவை உச்சம் தொடும் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது. காயாத பொருளைச் சூளையில் ஏற்ற முடியாது. கையிருப்பு வைத்துக்கொள்ளப் பணம் உள்ளவர் கோடையிலேயே செய்து அடுக்குகிறார். இல்லாதவர் வானத்தைப் பார்க்கிறார்.

அதே மாவட்டத்தில் பண்ருட்டியும் பொம்மைக்குப் பெயர்போன ஊர். அங்கே காகிதக் கூழும் களிமண்ணும். குடும்பம் குடும்பமாக, வீட்டுத் திண்ணையில், கை ஓவியம். பண்ருட்டிப் பொம்மையின் முகத்தில் வரைந்தவரின் கை தெரியும். விருத்தாசலத்துப் பொம்மையில் அச்சுதான் தெரியும். இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. அச்சு வந்ததால்தான் தசாவதாரம் முழுவதையும் வாங்க நடுத்தரக் குடும்பத்துக்கு முடிந்தது. ஆனாலும் ஒரு கேள்வி எழுகிறது: அச்சை யார் வடிப்பது? புது உருவம் ஒன்று நன்றாக விற்றால் அடுத்த பருவத்துக்குள் அதைப் பார்த்துப் பக்கத்துக் கொட்டகை அச்சு எடுத்துவிடுகிறது. வடிவத்துக்கு மெனக்கெட்டவருக்குத் தனியாக ஒரு பைசா வருவதில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய காலனிய நகரத்தை, ஹாங்காங்கை, பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும்; அதன் பீங்கான் கதை கான்டனில் தொடங்குகிறது. 1769இல் வில்லியம் ஹிக்கி என்ற ஆங்கில இளைஞர் கம்பெனிப் படையில் சேரச் சென்னை வந்தார். வேலை பிடிக்காமல் அதே கப்பலில் கான்டன் போனார். அங்கே பீங்கானுக்கு வண்ணம் தீட்டும் நீண்ட கூடம் ஒன்றைக் கண்டதாக நினைவுக்குறிப்பில் எழுதுகிறார்: நூறு பேருக்கு மேல், முதியவர்களும் ஆறேழு வயதுக் குழந்தைகளும் உட்பட. வெறும் வெள்ளைப் பாத்திரம் உள்நாட்டு ஜிங்டேசனிலிருந்து ஆற்று வழியாக வரும். ஐரோப்பியச் சீமான் கேட்ட குடும்ப முத்திரையும் பூவும் கான்டனில் ஏறும். 1842இல் ஹாங்காங் பிரிட்டிஷார் கைக்குப் போன பின்பு அந்தக் கைத்தொழில் மெல்ல அங்கும் பரவியது. 1928இல் கௌலூனில் தொடங்கிய யூட் டுங் பீங்கான் பட்டறை கான்டன் பாணி ஓவியத்தைத் தொடர்ந்தது. விருந்தினர் மாளிகைகளும் கப்பல் நிறுவனங்களும் வெளிநாட்டு வாடிக்கையாளரும் அதற்குப் படம் கொடுத்துத் தட்டு வாங்கினார்கள். அதே நகரின் டுவென் மூன் பகுதியில் மலைச்சரிவில் நீளமாகப் படுத்த ‘டிராகன் சூளை’ சாதாரணக் குடும்பங்களுக்கு ஜாடியும் சட்டியும் சுட்டது. 1980களுக்குப் பிறகு தொழிற்சாலைகள் எல்லை தாண்டிச் சீனத்துக்குள் போக, நிலத்தின் விலை ஏற, அந்தத் தொழில் சுருங்கியது. சூளை பாதுகாக்க வேண்டிய பழஞ்சின்னமாயிற்று.

ஹாங்காங்கின் ஓவியப் பட்டறை உள்ளூர்க் களிமண்ணை நம்பி எழவில்லை. துறைமுகமும் ஓவியரும் ‘இப்படி வேண்டும்’ என்று படம் போட்டுக் கேட்கும் வாடிக்கையாளரும் இருந்தார்கள். விருத்தாசலத்தில் களிமண்ணும் ரயிலும் கைகளும் இருக்கின்றன, படம் போட்டுக் கேட்பவர் இல்லை. மண் இருக்கும் இடத்தில் பீங்கான் ஊர் தானாக வளரும் என்ற அரசு நம்பிக்கை பாதிதான் பலித்தது. உத்தரப்பிரதேசத்துக் குர்ஜாவில் வீட்டுப் பாத்திரங்களுக்கென்று ஓர் ஓவியப் பாணி உருவாகி அதற்குப் பெயரும் சந்தையும் கிடைத்தன. குஜராத்தின் மோர்பி ஓடு ஒன்றையே பிடித்துக்கொண்டு நாட்டின் டைல்ஸில் பெரும்பங்கைத் தன் கையில் வைத்திருக்கிறது. விருத்தாசலம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தது. ஜாடி, கோப்பை, விளக்கு, கட்டை, பொம்மை, நூலாலைக்கு நூல் வழிகாட்டி. எதிலும் ‘இது விருத்தாசலத்துச் சரக்கு’ என்று கடைக்காரர் பெயர் சொல்லி விற்கும் நிலை வரவில்லை. கார்த்திகை அகலில் மட்டும் அது கொஞ்சம் கைகூடுகிறது.

இதற்கிடையே பொருள்களும் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. ஊறுகாய் ஜாடியை பிளாஸ்டிக் டப்பா தள்ளியது. ஃப்யூஸ் கட்டையின் இடத்தில் எம்.சி.பி. சுவிட்ச் வந்தது, மின்சாரம் போனால் இப்போது யாரும் ஸ்டூலில் ஏறிக் கம்பி சுற்றுவதில்லை, விரலால் தட்டுகிறார்கள். டீக்கடையில் கண்ணாடி டம்ளர், அதன்பின் காகிதக் கோப்பை. சாப்பாட்டு மேசையின் பீங்கானைச் சீன இறக்குமதி நிறைத்தது. அது மிக மலிவாக வந்ததால் இந்திய அரசு 2018இல் சீனப் பீங்கான் மேசைப் பாத்திரங்களுக்குக் குவிப்புத் தடுப்பு வரி போட்டது. கான்டனிலிருந்து கப்பலின் அடித்தட்டில் வந்த சரக்கு, இப்போது கன்டெய்னரில் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வரி பெரிய ஆலைகளுக்கு மூச்சுவிட இடம் தந்திருக்கும். கோப்பையை ஏற்கெனவே பாதி கைவிட்டிருந்த விருத்தாசலத்துக் கொட்டகைக்கு அதனால் பெரிய மாற்றம் வந்திருக்க வாய்ப்பில்லை.

மாறாமல் நின்றது பண்டிகைதான். சாமிக்கு வாங்கும் பொருளில் நம் வீடுகள் பழக்கத்தை எளிதில் விடுவதில்லை. பிளாஸ்டிக்கில் கொலு வைக்கக் கூசுபவர்கள் பீங்கானுக்குத் தலையாட்டுகிறார்கள். எனவே எஞ்சியிருக்கும் கொட்டகைகளின் வருமானம் பெரும்பாலும் அகல், பொம்மை என்ற இரண்டில் தங்கியிருக்கிறது. இடையில் உள்ள மாதங்களில் வேலை மெலிகிறது. அச்சுக் கொட்டகையில் பழகிய பெண்கள் முந்திரிப் பருவத்தில் கொட்டை உடைக்கப் போகிறார்கள். ஆண்கள் திருப்பூருக்கோ சென்னைக்கோ ரயிலேறுகிறார்கள், அதே சந்திப்பில்.

பக்கத்தில் அரசின் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி டிப்ளோமா தருகிறது. களிமண்ணின் வேதியியலும் சூளையின் வெப்ப வரைபடமும் படித்து வெளியே வரும் பிள்ளைகளை டைல்ஸ் ஆலைகளும், கழிப்பறைச் சாதன ஆலைகளும், இரும்பு உலைக்குத் தீக்கல் செய்யும் ஆலைகளும் எடுத்துக்கொள்கின்றன. மாதச் சம்பளமும் சேமநிதியும் உள்ள இடத்துக்கு அவர்கள் போவது நியாயம். தொழிற்பேட்டைக் கொட்டகைக்கு ஒரு டிப்ளோமாக்காரரை வைத்துக்கொள்ளும் சக்தி இல்லை. ஆனால் கூழின் பதத்தை அளந்து எழுதி வைக்கவும், சூளையில் எந்த இடத்தில் ஏன் விரிகிறது என்று கண்டுபிடிக்கவும், புது விளக்குக்கு வடிவம் வரையவும் தெரிந்த ஒருவர் பத்துக் கொட்டகைக்குப் பொதுவாக இருந்தால் அடுக்கி எடுப்பதில் உடைவது குறையும். பொது ஆய்வுக்கூடம், பொதுச் சூளை, பொது வடிவமைப்பாளர் என்று பேட்டை தொடங்கிய நாளில் சொன்ன யோசனைகள்தாம் இவை. இதில் சூளைக்கு அரசு பணம் ஒதுக்கியது, கட்டடமும் எழுந்தது. வடிவம் வரைபவருக்கான சம்பளம் திட்டங்களில் ஒரு தலைப்பாக வந்ததாகத் தெரியவில்லை. அது வரும்வரை அடுத்த கார்த்திகைக்கான மயில் விளக்கின் மாதிரியை மொத்த வியாபாரிதான் கொண்டுவந்து கொட்டகை மேசையில் வைப்பார்.